எதிரி நிற்கும் இடம்

திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சை செல்லும் நெடுஞ்சாலையில், எறும்பீசர் கோயில் கொண்ட திருவெறும்பூர்க் குன்றைக் கடந்து சற்றுத் தூரம் சென்றால் வரும் கைலாசபுரம், பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலையோடு 1960-களில் உருவான குடியிருப்பு ஆகும். நேரான வீதிகளும், நிழல் மரங்களும், ஆலையின் ஷிப்டு நேரத்துக்கு இசைந்து நடக்கும் வாழ்க்கையும் உடைய இவ்வூரில், பல மாவட்டங்களிலிருந்தும் பல மாநிலங்களிலிருந்தும் உத்தியோக நிமித்தம் வந்து சேர்ந்த குடும்பங்கள், ஒரே சுவருக்கு இப்புறமும் அப்புறமுமாகத் தலைமுறைகள் வாழ்ந்துவந்திருக்கின்றன. மார்கழி விடியலில் ஒரு வீட்டிலிருந்து திருப்பாவை கேட்கும். அதே வேளையில் அடுத்த வீட்டு வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் எரிந்துகொண்டிருக்கும். நோன்பு மாதம் வந்தால் மூன்றாம் வீட்டிலிருந்து கஞ்சி வரும். இத்தகைய ஊரில் வாழும் கிறிஸ்தவர்களுக்கு ‘ஆவிக்குரிய யுத்தம்’ என்பது எப்பொருளில் போதிக்கப்படுகிறது என்பது, சபையின் நான்கு சுவர்களுக்குள் மட்டும் பேசி முடிக்கத்தக்க காரியம் அன்று. யுத்தம் என்ற சொல் ஒரு வீட்டில் உச்சரிக்கப்படுமானால், அது யாரோடு நடக்கும் யுத்தம் என்று அறிந்துகொள்ளும் உரிமை அடுத்த வீட்டாருக்கும் உண்டு.

இதை எழுதும் நான் ஒரு விசுவாசி. தீமை என்பது அறியாமைக்கு இட்ட மறுபெயர் மட்டுமே என்றும், கல்வியும் வசதியும் பெருகப் பெருக அது தானே தேய்ந்து மறையும் என்றும் கூறுவோரின் கட்சியில் நான் இல்லை. மனிதனைக் காட்டிலும் பழையதும், மனிதனைக் காட்டிலும் தந்திரம் மிக்கதுமான ஒரு தீய சித்தம் இவ்வுலகில் செயல்படுகிறது என்றும், அதை எதிர்த்து நிற்பது ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவருடைய கடமை என்றும் வேதம் கூறுவதை நான் எழுத்துக்கு எழுத்து நம்புகிறேன். நம்புவதனாலேயே, அந்தப் போராட்டம் இன்று பல கூட்டங்களில் நடத்தப்படும் விதத்தைக் கண்டு எனக்குத் துக்கம் உண்டாகிறது. உபவாச ஜெபத்திலும், விடுதலைக் கூட்டங்களிலும், முழு இரவு ஜெபங்களிலும் ஒலிபெருக்கியின் முன் நின்று சாத்தானைப் பெயர் சொல்லி அதட்டுவதும், ‘கட்டுகளை அறுப்பதும்’, இந்த வீதியில் இன்ன ஆவி, அந்தக் குன்றில் இன்ன அதிபதி என்று எல்லை குறிப்பதும், பிற சமயத்தார் தொழும் இடங்களைச் சுற்றி ‘ஜெப நடை’ நடப்பதும் பக்தியின் தீவிரம் என்று எண்ணப்படுகின்றன. எதிரியை அடையாளம் காணும் அலுவலிலேயே அவர்கள் பிழைபட்டுவிட்டார்கள் என்பதே என் வாதம். எதிரி நிற்கும் இடம் ஒன்றாயிருக்க, வேறொரு திசையில் அம்புகளை எய்துகொண்டிருக்கிறார்கள்.

ஒவ்வொரு நகரத்தையும் நாட்டையும் ஓர் அதிபதி ஆவி ஆள்கிறது, அதன் பெயரையும் எல்லையையும் ஆராய்ந்து கண்டு அதைக் கட்டினாலன்றிச் சுவிசேஷம் அங்கே பலிக்காது என்னும் போதனை, நம் முன்னோரிடமிருந்து வந்த சொத்து அன்று. பீட்டர் வாக்னர் முதலிய அமெரிக்கப் போதகர்களால் 1990-களில் ஒரு முறையாக வகுக்கப்பெற்று, புத்தகங்களாகவும் மாநாடுகளாகவும் உலகெங்கும் பரவி, தமிழ்நாட்டுக்கும் வந்து சேர்ந்த சரக்கு அது. உலக சுவிசேஷகர்களின் லொசான் இயக்கத்தைச் சார்ந்த ஜெபக் குழுவே, 1993-ஆம் ஆண்டில் இப்போதனையின் அபாயங்களைப் பற்றி எச்சரிக்கை வெளியிட நேர்ந்தது. இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது தானியேலின் புஸ்தகத்துப் பத்தாம் அதிகாரம். பெர்சியாவின் அதிபதி தேவதூதனை 21 நாட்கள் தடுத்து நின்றான் என்று அங்கே சொல்லப்பட்டிருப்பது மெய். ஆனால் அந்த 21 நாட்களும் தானியேல் என்ன செய்துகொண்டிருந்தான் என்பதைப் போதிப்பவர்கள் கவனிப்பதில்லை. அவன் எந்த அதிபதியையும் அதட்டவில்லை. அப்படி ஓர் அதிபதி வழியில் நிற்கிறான் என்பதே அவனுக்குத் தெரியாது. ருசிகரமான அப்பத்தையும் இறைச்சியையும் திராட்சரசத்தையும் விலக்கி, துக்கத்தோடு, தேவனை நோக்கியே அவன் காத்திருந்தான். வானத்தில் நடந்த போரைப் பற்றி அவன் அறிந்துகொண்டது எல்லாம் முடிந்த பிறகுதான். யூதா எழுதிய சிறு நிருபமோ இன்னும் ஒருபடி மேலே போய், பிரதான தூதனாகிய மிகாவேல்கூடப் பிசாசோடு தர்க்கிக்கையில் தூஷணமாய் ஒரு வார்த்தை சொல்லத் துணியாமல், தீர்ப்பைக் கர்த்தரிடம் விட்டுவிட்டான் என்று நினைவூட்டுகிறது. பிரதான தூதனுக்கே இல்லாத துணிவு ஒலிபெருக்கி பிடித்த நமக்கு எங்கிருந்து வந்தது?

ஆவிக்குரிய போராட்டத்தைப் பற்றிய அத்தனை பிரசங்கங்களுக்கும் மூலவசனமாக விளங்குவது எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் ஆறாம் அதிகாரம். அந்த எபேசு எப்படிப்பட்ட ஊர் என்பதைச் சிந்திக்க வேண்டும். சிந்திப்பதற்கு, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே ஏழு பிராகாரங்களோடு விளங்கும் திருவரங்கத்தையும், நகரின் நடுவே எழுந்து நிற்கும் மலைக்கோட்டைத் தாயுமானவர் சந்நிதியையும் நாள்தோறும் கண்டு வாழும் நம்மைவிடத் தகுதியானவர் யாரும் இரார். எபேசுவும் ஒரு கோயில் நகரம். பண்டைய உலகத்தின் ஏழு அதிசயங்களுள் ஒன்றாக எண்ணப்பட்ட அர்த்தெமி தேவியின் ஆலயம் அந்நகரின் பெருமையாயிருந்தது. அந்நகரின் வாணிபமும் திருவிழாவும் கைத்தொழிலும் அவ்வாலயத்தைச் சுற்றியே நடந்தன. பவுல் அங்கே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தங்கிப் போதித்தான். அந்த நாட்களில் அவன் ஆலயத்தைச் சுற்றி வந்து எதையாவது கட்டினான் என்றோ, தேவியின் பெயரைச் சொல்லி அதட்டினான் என்றோ அப்போஸ்தலர் நடபடிகளில் ஒரு வரியும் இல்லை. அதற்கு நேர்மாறான சாட்சி இருக்கிறது. அதுவும் கிறிஸ்தவன் அல்லாத ஒருவன் வாயினின்று வருகிறது. தட்டார் கூட்டம் கலகம் விளைவித்து, ஊரே அரங்கசாலையில் கூடிக் கூச்சலிட்டபோது, பட்டணத்துச் சம்பிரதியாகிய அதிகாரி எழுந்து நின்று, இம்மனிதர்கள் கோயிலைக் கொள்ளையிட்டவர்களும் அல்லர், உங்கள் தேவியை இழிவாய்ப் பேசினவர்களும் அல்லர் என்று சொல்லி ஜனங்களை அமர்த்தி அனுப்பினான். திருச்சிராப்பள்ளி நகரத்தில் இன்று ஓர் உத்தியோகஸ்தர் நம் கூட்டங்களைக் குறித்து, மனச்சாட்சிக்கு விரோதமின்றி, அவ்வண்ணமே சாட்சி கூற இயலுமா என்று ஒவ்வொரு போதகரும் தம்மைக் கேட்டுக்கொள்வாராக.

அந்த எபேசு நகரத்தில் அக்கினி மூட்டப்பட்டதும் உண்டு. மாயவித்தைப் புஸ்தகங்கள் எரிக்கப்பட்டன. அவற்றின் விலை 50,000 வெள்ளிக்காசு என்று கணக்கிட்டார்கள். ஆனால் எரித்தவர்கள் யார், எரிக்கப்பட்டவை யாருடையவை? விசுவாசத்துக்கு வந்தவர்கள், தாங்கள் இரகசியமாக வைத்திருந்ததைத் தாங்களே கொண்டுவந்து, எல்லாருக்கும் முன்பாக அறிக்கையிட்டு எரித்தார்கள். அடுத்த வீட்டாரின் அலமாரியை அவர்கள் திறந்து பார்க்கவில்லை. இத்தனையும் நடந்த ஊரில் உள்ள சபைக்குத்தான், பிற்பாடு விலங்கிடப்பட்டுக் காவலில் இருந்த பவுல், நமக்குப் போராட்டம் உண்டு, ஆனால் அது மாம்சத்தோடும் இரத்தத்தோடும் அன்று என்று எழுதினான். சத்தியத்தின் கச்சை முதல் ஆவியின் பட்டயம் வரையில் அவன் வருணித்த சர்வாயுதவர்க்கமும், தன்னைக் காவல் காத்த ரோமப் போர்வீரனின் உடையைக் கண்டு எழுந்த கற்பனை என்று கருதுவது வழக்கம். அது மெய்யானால், தன் கையில் விலங்கிட்டு நின்ற மனிதனையே அவன் எதிரியாகக் கருதவில்லை என்பது விளங்கும்.

போர் என்றால் என்ன என்பதைத் திருச்சிராப்பள்ளி புத்தகத்தில் படித்து அறிந்ததன்று. 1751 முதல் சில ஆண்டுகள் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும், முகமது அலியும் சந்தா சாகிபும், மைசூர்ப் படையும் மராட்டியரும் இக்கோட்டையைச் சுற்றிப் பொருதபோது, திருவரங்கத்துத் தீவே பாசறையாயிற்று. அந்த நினைவு ஆறுமுன், 1762-இல், தரங்கம்பாடி மிஷனைச் சேர்ந்த சுவார்ட்ஸ் ஐயர் இவ்வூருக்கு வந்தார். அவர் முயற்சியால் 1766-இல் கோட்டைக்குள் கட்டப்பட்ட கிறிஸ்து ஆலயம் இன்றும் தெப்பக்குளத்துக்கு அருகே நிற்கிறது. வெடிமருந்துக் கிடங்கு வெடித்துப் பெற்றோரை இழந்த சிப்பாய்களின் பிள்ளைகளைச் சேர்த்துப் பள்ளிக்கூடம் நடத்தினார். 1779-இல் சென்னை அரசாங்கம் ஹைதர் அலியிடம் சமாதானம் பேச ஆள் தேடியபோது, ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குச் சென்றவர் இவரே. பின்னர் மூண்ட போரில் ஹைதரின் படை இந்நாட்டைச் சூறையாடியபோதும், இந்தப் பாதிரியாரைத் தடுக்க வேண்டாம் என்று ஹைதர் தம் அதிகாரிகளுக்குக் கட்டளையிட்டிருந்தார் என்பது சரித்திரம். தஞ்சையில் அவர் 1798-இல் மரித்தபோது கண்ணீர் வடித்தவர், கடைசிவரை சிவபக்தராகவே வாழ்ந்த சரபோஜி மன்னர். தம் ஆசானுக்காக இங்கிலாந்தில் பிளாக்ஸ்மன் என்னும் சிற்பியைக் கொண்டு சலவைக்கல்லில் நினைவுச் சின்னம் செதுக்குவித்துத் தஞ்சைக் கோட்டை ஆலயத்தில் நிறுவினார். சமாதான சுவிசேஷத்தின் பாதரட்சையைத் தொடுத்துக்கொண்டவன் எவ்விதம் நடப்பான் என்பதற்கு இதைவிட அணிமையான உதாரணம் நமக்கு வேண்டுவதில்லை.

அடுத்த வீட்டாரில் எதிரியைத் தேடுவது ஒரு பிழை. நோயாளியில் எதிரியைத் தேடுவது அதனினும் கொடிய பிழை. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் தேதி விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த ஓலைக் கொட்டகை ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓடித் தப்ப வழியின்றி வெந்து மாண்டார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்ட குடும்பங்கள் கொடியவை அல்ல. பேய் பிடித்திருக்கிறது, செய்வினை செய்திருக்கிறார்கள் என்று யாரோ சொன்னதை நம்பிய எளிய குடும்பங்களே. நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தெளிவாகத் தடுக்கிறது. ஆனால் சட்டம் கண்டுபிடிக்க இயலாத சங்கிலிகள் உண்டு. பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வில் மூழ்கிய ஒரு பெண்ணை, உனக்குள் ஆவி இருக்கிறது என்று சபை நடுவே நிறுத்தி அதட்டுவது ஒரு சங்கிலி; மருந்து உண்பது அவிசுவாசம் என்று சொல்லி மாத்திரையை நிறுத்தச் செய்வது மற்றொரு சங்கிலி. கர்மேல் மலையில் பெரும் வெற்றி கண்ட எலியா, மறுநாளே யேசபேலின் மிரட்டலுக்கு அஞ்சி வனாந்தரத்துக்கு ஓடி, சூரைச்செடியின் கீழ்ப் படுத்துச் சாவை வேண்டியபோது, தேவன் அவனிடம் பிசாசைத் துரத்தவில்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. முதலில் உறங்கவிட்டார், பிறகு தூதனை அனுப்பித் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடியும் உறங்கவிட்டார். இரவு ஷிப்டு முடித்து வந்து, பகலில் உறக்கம் கொள்ளாமல் மாதக்கணக்கில் வாடும் ஒரு தொழிலாளி, எனக்கு ஜெபத்தில் மனம் செல்லவில்லை என்று வந்து நிற்கையில், அவனுக்குத் தலையில் எண்ணெய் பூசுமுன், நீ எத்தனை மணி நேரம் உறங்கினாய் என்று கேட்கத் தெரிந்த போதகரே வேதத்தைச் சரியாய்ப் படித்தவர். அரசாங்கத்தின் ‘டெலி மானஸ்’ தொலைபேசி எண் 14416, ஒவ்வோர் ஆலயத்தின் அறிவிப்புப் பலகையிலும் எழுதப்பட வேண்டும். ஜெபத்துக்கு அது இடையூறு அன்று.

அப்படியானால் எதிரியை எதைக் கொண்டு அறிவது? இதற்கு விடை தேடிக் கடல் கடந்த புதிய போதகர்களிடம் போவதற்கு முன், இதே திருச்சிராப்பள்ளியில் நூறாண்டுகளுக்கு மேலாக இருந்துவரும் ஒரு கருவூலத்தைத் திறந்து பார்க்கலாம். 1844-இல் நாகப்பட்டினத்தில் தோன்றி 1883-இல் இந்நகருக்கு மாறிய புனித வளனார் கல்லூரியை நடத்தும் இயேசு சபையாரின் ஆதி குரு இஞ்ஞாசியார், சந்நியாசியாவதற்கு முன் போர்வீரராயிருந்தவர். 1521-இல் பம்பலோனாக் கோட்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைந்து படுத்திருந்தபோது, தம் மனத்தில் எழுந்த எண்ணங்களை அவர் கூர்ந்து கவனித்தார். வீரப் பிரதாபங்களையும் காதல் கனவுகளையும் எண்ணும் வேளையில் இன்பமாயிருந்து, பின் வறட்சியே மிஞ்சியது. அடியார்களின் சரிதங்களை எண்ணும்போது உண்டான ஆனந்தமோ, எண்ணம் நின்ற பிறகும் நீடித்தது. இந்த ஒரு நுட்பமான அனுபவத்திலிருந்து அவர் வளர்த்தெடுத்த ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ என்னும் நூல் 1548-இல் திருச்சபையின் அங்கீகாரம் பெற்றது. எந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது, எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பகுத்தறியும் விதிகள் அதில் உள்ளன. நான் பிராட்டஸ்டண்டு மரபில் வளர்ந்தவன். ஆயினும், ஆவிக்குரிய போராட்டத்தைப் பற்றி இத்துணைத் தெளிவாய் எழுதப்பட்ட வேறொரு நூலை நான் கண்டதில்லை.

அவர் கூறுவதில் இரண்டை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, சோர்வு சூழ்ந்திருக்கும் காலத்தில், தெளிவாயிருந்தபோது எடுத்த தீர்மானம் எதையும் மாற்றலாகாது என்பது. விசுவாசம் வறண்டு, ஜெபம் கசந்து, தேவன் கைவிட்டார் போலத் தோன்றும் நாட்களில், மனிதன் தன் மணவாழ்வையோ, தொழிலையோ, சபையையோ விட்டுவிடத் துணிகிறான்; அத்துணிவு அவனுடையதாகத் தோன்றினாலும் அவனுடையது அன்று. அத்தகைய நாளில் ஜெபத்துக்கென்று குறித்த நேரத்தைக் குறைக்காமல், சற்றுக் கூடுதலாகவே இருந்து எழ வேண்டும் என்கிறார். இரண்டாவது, எதிரி எல்லாவற்றுக்கும் மேலாக விரும்புவது இரகசியத்தை என்பது. ஒரு காரியத்தை யாரிடமும் சொல்லாதே என்று உள்ளுக்குள் ஒரு குரல் வற்புறுத்துமானால், அந்தக் காரியத்தைக் காட்டிலும் அந்தக் குரலையே முதலில் சந்தேகிக்க வேண்டும். நம்பத்தக்க ஓர் ஆன்மீக ஆசானிடம் அதைத் திறந்து சொல்லிய கணத்திலேயே எதிரியின் ஏற்பாடு குலைந்துபோகிறது.

கைலாசபுரத்தாருக்கு இதை விளக்க நெடுந்தூரம் போக வேண்டுவதில்லை. உயர் அழுத்தக் கொதிகலனின் குழாயில் போடப்படும் ஒவ்வொரு வெல்டிங்கும் மேற்பார்வைக்குப் பழுதற்றதாய்ப் பளபளக்கும். உள்ளே மயிரிழை போன்ற ஒரு விரிசல் இருந்தாலோ, கண்ணுக்குத் தெரியாது, அழுத்தம் ஏறும் வரையில் தீங்கும் செய்யாது. ஆகையால்தான் எக்ஸ்ரேயால் ஊடுருவிப் பார்த்த பின்னரே அது ஏற்கப்படுகிறது. டாஸ்மாக் கடையில் தொடங்கிய பழக்கமாயினும், கைபேசியில் நள்ளிரவில் ஆடும் சூதாட்டமாயினும், மனைவி அறியாமல் வாங்கிய கந்துவட்டிக் கடனாயினும், அவை ஒரு குடும்பத்தை முறிப்பது கடனின் பளுவினாலோ மதுவின் வேகத்தினாலோ மட்டும் அன்று. பல மாதங்கள், பல ஆண்டுகள், ஒருவரும் அறியாமல் உள்ளே நின்ற விரிசலால். அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவரும் அறிக்கையே பேயோட்டுதல்களுள் மிகப் பெரியது என்று நான் துணிந்து சொல்வேன். அதற்கு ஒலிபெருக்கி வேண்டாம். இரகசியத்தைக் காக்கத் தெரிந்த ஒரு மூத்த சகோதரனும், மாலை வேளையில் ஒரு மணி நேரமும் போதும்.

பாவத்தைத் தூண்டுகிறவனே, பாவம் செய்த பின் குற்றம் சாட்டுகிறவனாகவும் வருகிறான் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட மோட்சப் பிரயாணக் கதையை எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை தழுவி, 1894-இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் காவியமாகத் தமிழருக்கு அளித்தார். பனியனின் கதையில், மரண இருளின் பள்ளத்தாக்கில் நடக்கும் யாத்திரிகனின் பின்னே ஒரு துர்ஆவி மெல்ல வந்து, அவன் காதில் தேவதூஷணமான வார்த்தைகளை முணுமுணுக்கிறது. அவனோ, அவை தன் நெஞ்சிலிருந்தே எழுந்தவை என்று எண்ணி நடுங்குகிறான். தகுதியற்றவன், மீளாதவன், இனி ஜெபித்துப் பயனில்லாதவன் என்று தன்னைக் குறித்துத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்ட எத்தனை ஆத்துமாக்கள் நம்மிடையே தலைகவிழ்ந்து நடக்கின்றன! பரிசுத்த ஆவியானவர் பாவத்தை உணர்த்தும்போது, இன்ன காரியத்தில் நீ பிழைத்தாய், திரும்பு என்று குறிப்பிட்டுச் சொல்வார், வழியும் காட்டுவார். எதிரியோ எதையும் குறிப்பிடாமல், உன் பிறவியே வீண் என்பான், வழியையும் அடைத்துவிடுவான். இந்த ஒரு பேதத்தை ஞாயிறு பள்ளியிலேயே பிள்ளைகளுக்குக் கற்பித்துவிட்டால், தேர்வு முடிவு வெளியாகும் நாளில் பல வீடுகளில் துயரம் தவிர்க்கப்படும்.

இனி, பேசுவதற்குக் கூசுகிற, ஆனால் பேசாமல் விட இயலாத காரியத்துக்கு வருகிறேன். ஊரின் மேல் அதிகாரம் செலுத்தும் ஆவி எது என்று தேடித் திரிகிறவர்களுக்கு, தமிழ்நாட்டுத் திருச்சபையின் மேல் முந்நூறு ஆண்டுகளாக அதிகாரம் செலுத்திவரும் ஆவி ஏன் தென்படவில்லை? கல்கத்தா அத்தியட்சராயிருந்த தானியேல் வில்சன், 1833-இல், சபைக்குள் சாதி வேற்றுமை இனி இருக்கலாகாது, திருவிருந்தில் எல்லாரும் ஒன்றாகவே பங்குபெற வேண்டும் என்று கட்டளை அனுப்பியபோது, சென்னை வேப்பேரியிலும் தஞ்சை, திருச்சிராப்பள்ளிப் பகுதிகளிலும் எழுந்த எதிர்ப்பு சிறிதன்று. பல குடும்பங்கள் ஆலயத்தை விட்டே வெளியேறின. சுவார்ட்ஸ் ஐயரின் மாணாக்கரும், நம் நெஞ்சை உருக்கும் கீர்த்தனைகளைப் பாடியவருமான வேதநாயகம் சாஸ்திரியாரே, அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, சாதி ஆசாரத்தைக் காக்கும் கட்சியில் நின்று எழுதினார். அம்மகானின் பக்தியில் எனக்கு ஐயம் இல்லை. அத்தகைய பக்திமானின் கண்ணையும் மறைக்கச் சாதி வல்லதாயிருந்ததே என்பதுதான் அஞ்சத்தக்கது. ஒளியின் தூதனுடைய வேஷத்தில் எதிரி வருவான் என்ற எச்சரிக்கைக்கு இதைவிடத் தெளிவான வியாக்கியானம் வேறு எது?

இதே திருச்சிராப்பள்ளி மேலப்புதூரில், கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில், தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளை மற்றவர்களின் கல்லறைகளிலிருந்து பிரிப்பதற்கென்று ஒரு சுவர் எழுப்பப்பட்டது; அதை எதிர்த்து நடந்த போராட்டங்களைச் செய்தித்தாள் வாசிக்கும் எவரும் அறிவர். உயிர்த்தெழுதலை அறிக்கையிடும் ஒரு ஜனம், உயிர்த்தெழும் வரையிலும் தன் சகோதரனுக்கு அருகே படுத்திருக்க மறுத்தது. அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், 2008 மார்ச்சில், தங்களுக்கு இழைக்கப்படும் பாகுபாட்டை எதிர்த்துத் தலித் கத்தோலிக்கர் குரல் எழுப்பியதைத் தொடர்ந்து கலவரம் மூண்டு, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் கொள்கை அறிக்கையில், சாதிப் பாகுபாடு கொடிய சமூகப் பாவம் என்று ஒப்புக்கொண்டது. பிராட்டஸ்டண்டு சபைகளாகிய நாமோ, ஒரே பெஞ்சில் உட்காருகிறோம், ஒரே பாத்திரத்தில் பானம் பண்ணுகிறோம் என்று திருப்திப்பட்டுக்கொண்டு, சபைத் தேர்தல் வந்தால் சாதிவாரியாக வாக்கு எண்ணுகிறோம்.

இதை எழுதும்போது, உறையூரில் தோன்றிய திருப்பாணாழ்வாரின் வரலாறு என் நினைவுக்கு வந்து என்னைச் சுடுகிறது. தாழ்ந்த குலத்தவர் என்று ஒதுக்கப்பட்டு, காவிரியின் தென்கரையில் நின்றே அரங்கனைப் பாடிக்கொண்டிருந்த அவரை, கல்லெறிந்து விலக்கிய அர்ச்சகர் லோகசாரங்கரே, பின் தம் தோளில் சுமந்து சந்நிதிக்குள் கொண்டுசென்றார் என்று வைணவ மரபு பக்தியோடு கூறுகிறது. நம் ஜெப நடைக்காரர்கள் எந்தத் திசையை நோக்கிக் கைநீட்டி அதட்டுகிறார்களோ, அந்தத் திசையிலிருந்தே இந்தச் சரிதம் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதைக் கேட்டு வெட்கப்படவாவது நாம் கற்றுக்கொள்ள வேண்டாமா?

எதிர்த்து நிற்பது எப்படி என்பதைப் பற்றி நான் மிகுதியாய் எழுத வேண்டுவதில்லை, பவுல் எழுதிவிட்டான். அவன் சொன்ன ஆயுதங்களுள் ஒன்றேனும் பிறரைக் காயப்படுத்துவதற்குரிய இரும்பு அன்று என்பதை மட்டும் கவனிக்கும்படி வேண்டுகிறேன். சத்தியம், நீதி, சமாதானம், விசுவாசம், இரட்சிப்பு, தேவவசனம், எல்லாப் பரிசுத்தவான்களுக்காகவும் செய்யும் விண்ணப்பம்: இவை அன்றாடம், ஆரவாரமின்றி, சம்பளப் பட்டியலிலும் சமையலறையிலும் பள்ளிக்கூட வாசலிலும் பழகப்பட வேண்டியவை. இவற்றை நாள்தோறும் தரித்துக்கொள்ளாத ஒருவன், மாதம் ஒருமுறை முழு இரவு கண்விழித்துச் சாத்தானை அதட்டுவதால், சாத்தானுக்கு யாதொரு நஷ்டமும் இல்லை.

கைலாசபுரத்திலும் திருவெறும்பூரிலும் பொன்மலையிலும் துவாக்குடியிலும் உள்ள சபைகளின் கமிட்டிகளுக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. அடுத்த உபவாசக் கூட்டத்துக்கு நாள் குறிக்கும்போது, சபையின் கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்த மூலை என்று எழுதப்படாமல் நடந்துவரும் வழக்கம் ஏதேனும் இருந்தால், அதை அன்றைய ஜெபத்தின் முதல் பொருளாக வையுங்கள். ஆலய அலுவலகத்தில் திருமணத் தகவலுக்கென்று பிள்ளைகளின் விவரம் எழுதி வாங்கும் படிவத்தை எடுத்து மேசையின் மேல் விரித்து வையுங்கள். அதில் பெயருக்கும் படிப்புக்கும் அடுத்தபடியாகச் சாதிக்கென்று ஒரு கட்டம் இருக்குமானால், அந்தக் கட்டத்தை வைத்தவர்கள் யார், அது நீங்கக் கூடாது என்று இன்னும் வாதாடுகிறவர்கள் யார் என்பதைச் சபையார் எல்லாரும் கூடியிருக்கையில் வெளிப்படையாய்ப் பேசி, அதை அடித்துவிட்டுப் புதிய படிவம் அச்சிடுங்கள்.